செடித் தொட்டிக்குள் பாறைச் சுவர் மாட்டுவது

கேள்வியின் சாரம் இது: சென்னையில் வீட்டில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு செடித் தொட்டி, அதாவது நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டி. ஓராண்டாக ஓடுகிறது. அக்வா சாயில் (நீர்ச்செடிக்கான மண்), செடிக்குச் சிலிண்டரிலிருந்து விடும் கார்பன் டை ஆக்ஸைடு, கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் வடிகட்டி) எல்லாம் உண்டு. நியான் டெட்ரா, செர்ரி இறால், ஒரு சக்கர் ஃபிஷ் இருக்கின்றன. பின்பக்கம் வெறும் கண்ணாடியாகத் தெரிவதால் உள்ளே பாறை மாதிரியான 3டி பேக்ரவுண்ட் வைக்க ஆசை. கடையில் கிடைக்கும் ஃபோம் பலகையை வாங்குவதா, தெர்மாகோலில் சிமென்ட் பூசி நாமே செய்வதா? தண்ணீரை இறக்காமல் ஒட்ட முடியுமா? மீனுக்கும் செடிக்கும் கெடுதல் வருமா?

தண்ணீரோடு ஒட்ட முடியாது. ஈரக் கண்ணாடியில் சிலிகான் பிடிக்காது, பிடித்த மாதிரி இருந்தாலும் ஒரு வாரத்தில் கையோடு வரும். தொட்டியைக் காலி செய்து, துடைத்து, காய வைத்துத்தான் ஒட்ட வேண்டும். முழுக்கக் காலி செய்யாமல் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் எப்படி ஒட்டுவது என்பதற்கு முன்னால், உங்கள் தொட்டிக்குள் அந்தச் சுவருக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

கண்ணாடித் தடிமன் போக உங்களுக்கு முன்னும் பின்னும் கிடைப்பது சுமார் 44 சென்டிமீட்டர். செடித் தொட்டியில் இருப்பதிலேயே விலையுயர்ந்த இடம் இதுதான். முன்னால் புல் மாதிரி படரும் செடிக்கு ஒரு 15, நடுவில் கிரிப்டோகொரைன் செடி, கல், கட்டைக்கு ஒரு 15, பின்வரிசையில் ரோட்டாலா போன்ற தண்டுச் செடிகளுக்கு மீதி. சராசரி 5 சென்டிமீட்டர், துருத்தும் இடத்தில் 8 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட பாறைப் பலகையை வைத்தால், பின்வரிசையில் பாதி போய்விடும். கொள்ளளவில் பார்த்தால் 25 லிட்டர் போகிறது. அது பெரிய நஷ்டமில்லை. ஆழம் போவதுதான் நஷ்டம். மண்ணை முன்னால் 4, பின்னால் 10 சென்டிமீட்டர் என்று சரித்து ஏற்றுவது எதற்கு? கண்ணுக்கு ஆழம் தெரிவதற்கு. அந்தச் சரிவின் கடைசியில் ஒரு பாறை முகம் வந்து நின்றால் பார்வை அங்கேயே முட்டி நிற்கும்.

இன்னொரு விஷயம் அளவுப் பொருத்தம். கடைப் பலகைகளில் பாறைகள் பெரிது பெரிதாக, ஆழமான வெடிப்புகளோடு இருக்கும். ஆப்பிரிக்க சிக்லிட் மீன் தொட்டிக்கு அது பொருந்தும், அங்கே செடி இல்லை, பாறைதான் காட்சி. செடித் தொட்டியில் முன்னால் கைப்பிடிக் கல்லும் பின்னால் தலையளவு பாறையும் இருந்தால் தூரம் தலைகீழாகிவிடும். பின்னால் போகப் போகச் சொரசொரப்பு நுணுக்கமாக வேண்டும், பெரிதாக இல்லை. செடித் தொட்டியை இயற்கைக் காட்சி போல அமைக்கும் நேச்சர் அக்வேரியம் பாணியை உருவாக்கிய ஜப்பானின் தகாஷி அமானோ தன் தொட்டிகள் பெரும்பாலானவற்றில் பின்கண்ணாடியை வெறுமையாகவே விட்டார். பின்னாலிருந்து வெளிச்சம் மட்டும் மெல்ல வரும். இடம் பற்றாமல் அவர் அப்படிச் செய்யவில்லை. 2015இல் போர்ச்சுகலின் லிஸ்பன் ஓசியனாரியம் என்ற மீன் காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம்.

அதற்காக உள்சுவரே கூடாது என்று சொல்ல மாட்டேன். செடித் தொட்டியில் உள்சுவர் என்பது செடி ஏறுவதற்கான படுகை. அதைக் காட்சிப் படமாக நினைத்து வாங்கினால் இரண்டு மாதத்தில் ரோட்டாலா அதை மறைத்துவிடும், கொடுத்த காசும் விட்ட இடமும் வீண். மெல்லியதாக, கருமையாக, அனுபியாஸ் செடியும் மாஸ் என்கிற பாசிச் செடியும் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பாக, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும் சுவர் என்றால் நானும் சரி என்பேன்.

சரி, எதில் செய்வது? கடைப் பலகைகள் பாலியூரித்தேன் ஃபோமில் அச்சு வார்த்தவை. நல்ல தயாரிப்பு என்றால் தண்ணீரில் எதையும் விடாது, வெட்டினாலும் உள்ளே அதே நிறம் இருக்கும். மலிவான ரகத்தில் மேலே மட்டும் பெயின்ட். வாங்குமுன் ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெளிர் மஞ்சள் தெரிந்தால் உங்கள் சக்கர் ஃபிஷ் மிச்ச வேலையைச் செய்துவிடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மீனின் வாய் சுரண்டுவதற்கென்றே ஆனது, ஃபோமைப் பொடிப்பொடியாக உரித்து மிதக்க விடும், அனுபியாஸ் இலையையும் ஓட்டை போடும். ஒரு அடிக்கு மேல் வளரும் மீன் அது. சுவர் வைப்பதாக இருந்தால் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள், நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே அது பெருகி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது.

வீட்டில் செய்வது என்றால் தெர்மாகோலும் சிமென்டும்தான் எல்லாரும் சொல்வது. பார்க்க அருமையாக வரும், செய்வதும் சுலபம். செடித் தொட்டியில் மட்டும் அதற்கு ஒரு சிக்கல் உண்டு, அதைப் பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை.

புது சிமென்ட் தண்ணீரில் சுண்ணாம்பை விடும், பிஎச் (அமில, கார அளவு) ஏறும். இது எல்லாருக்கும் தெரியும். பல வாரம் ஊற வைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் மேற்பரப்பில் இருக்கும் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக மாறி அடங்கிவிடும் என்பதும் உண்மை. சாதாரண மீன் தொட்டிக்கு அவ்வளவு போதும். உங்கள் தொட்டியில் கார்பன் டை ஆக்ஸைடு ஓடுகிறது. அது தண்ணீரில் கரைந்து மென்மையான அமிலமாகிறது, அந்த அமிலம் கார்பனேட்டைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஆக, ஊற வைத்த தொட்டித் தண்ணீரில் அமைதியாக இருந்த சிமென்ட், சிலிண்டரைத் திறந்ததும் மறுபடி கடினத்தன்மையை ஏற்ற ஆரம்பிக்கும். அதை அக்வா சாயில் உறிஞ்சிக்கொண்டு சமாளிக்கும், சமாளித்துச் சமாளித்தே சீக்கிரம் தீர்ந்துபோகும். போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் ஏற்கெனவே கடினத்தன்மை அதிகம், ஆர்ஓ தண்ணீர் கலந்து குறைக்கிறோம். ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் சுவரிலிருந்து ஏற்றுவதில் என்ன அர்த்தம்?

எனவே சிமென்ட் பூசினால் அதை மூடிப் பூச வேண்டும். காய்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, வினிகர் கலந்த தண்ணீரில் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்தி, குடிநீர்த் தொட்டிகளுக்கான எபாக்ஸிப் பிசின் பூச்சை இரண்டு கோட் அடியுங்கள். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவினால் பளபளப்பு போய் பாறைத் தோற்றம் வரும், வேரும் பற்றும். கடல் மணல் வேண்டாம், கிளிஞ்சல் துகள் இருக்கும். எந்த மணலானாலும் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஒதுக்குங்கள். நிறத்துக்குத் தரைக்குப் போடுகிற இரும்பு ஆக்ஸைடு பொடிகள் போதும்: கறுப்பு, காவி, கொஞ்சம் மஞ்சள். பச்சைப் பொடி வாங்காதீர்கள். பச்சை வர வேண்டியது பாசியிலிருந்து. செம்பு கலந்த எந்தப் பெயின்டும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம், இறால்களுக்கு அது விஷம்.

நேர்மையாகச் சொன்னால், எபாக்ஸி பூசப்போகிறோம் என்றால் நடுவில் சிமென்ட் எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அடர்த்தியான ஃபோம் பலகையைச் செதுக்கி, நேராக எபாக்ஸி பூசி மணல் தூவினால் சிமென்ட் வேலையே மிச்சம். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். கரைப்பான் கலந்த பெயின்டோ பசையோ தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், சிறு துண்டில் சோதித்துவிட்டுப் பூசுங்கள். செதுக்கும்போது சூடான கம்பியால் வெட்டுவதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் ஃபோமைச் சூட்டால் வெட்டவே கூடாது, அந்தப் புகை நச்சு. அதற்குக் கத்திதான்.

செய்து முடித்ததைத் தொட்டிக்குள் கொண்டுபோகுமுன் ஒரு சோதனை. பெரிய டப்பில் சுவரை முக்கி வையுங்கள், பக்கத்தில் அதே தண்ணீர் ஒரு வாளியில். ஒரு வாரம் கழித்து இரண்டிலும் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு), பிஎச், கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) மூன்றையும் பாருங்கள். வாளியும் டப்பும் ஒரே எண்ணைக் காட்டினால் சுவர் சும்மா இருக்கிறது என்று பொருள். டப்பு மட்டும் ஏறியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

அடுத்து மிதப்பு. இதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. 120 சென்டிமீட்டர் நீளம், 42 உயரம், சராசரி 5 சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஃபோமின் கன அளவு 25 லிட்டர். தெர்மாகோலின் சொந்த எடை அரைக் கிலோ இருந்தால் அதிகம். ஆகவே தண்ணீர் நிரம்பியதும் அது ஏறக்குறைய 25 கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். ஒரு அரிசி மூட்டை தலைகீழாக இழுக்கிற மாதிரி, இரவும் பகலும். சிமென்ட் பூசியதால் உட்கார்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 3 மில்லிமீட்டர் பூச்சு தண்ணீருக்குள் இரண்டு மூன்று கிலோ மட்டுமே ஈடு செய்யும். சராசரி 2 சென்டிமீட்டர் சுவர் என்றால் விசை 10 கிலோவாகக் குறைகிறது. மெல்லியதாக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றி இரண்டு முடிவில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். பின்பக்கம் தட்டையான, கெட்டியான பலகை என்றால் கண்ணாடியோடு ஒட்டி, நான்கு ஓரத்தையும் சிலிகானால் மூடிவிடுங்கள். பின்பக்கம் குழிவான, ஓடு மாதிரியான பலகை என்றால் மூட முயலாதீர்கள். உள்ளே காற்று அடைபட்டால் முன்னாலிருந்து தண்ணீர் அழுத்தும். 40 சென்டிமீட்டர் தண்ணீரில் சராசரி அழுத்தம் சதுர மீட்டருக்கு 200 கிலோ, உங்கள் பலகை அரைச் சதுர மீட்டர், ஆக 100 கிலோ அதன்மேல் சாய்கிறது. ஓடு வளையும், ஓரத்தில் எங்காவது விரிசல் விடும், தண்ணீர் உள்ளே போய் அங்கேயே கெடும். தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும், ஒருநாள் அது முன்னால் வந்தால் மீன்கள் தாங்காது.

குழிவான பலகையில் தண்ணீர் தாராளமாகப் போய்வர வழி வைப்பதே சரி. கீழே மண் மட்டத்துக்குச் சற்று மேலே அடிக்கு ஒரு ஓட்டை, மேலே ஓரத்தில் திறப்பு, எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காத நுண்வலை. ஃபில்டரின் உறிஞ்சு குழாயைப் பின்னால் ஒரு மூலையில் வைத்து, எதிர் மூலையில் திறப்பை வைத்தால் தண்ணீர் பின்னால் நீளவாக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயும் மறையும். ஆனால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கை நுழையுமா என்று முதலிலேயே பாருங்கள். குட்டி இறால் எந்த வலையையும் தாண்டிப் போகும். போனால் பரவாயில்லை, தண்ணீர் ஓடுகிற இடத்தில் அவை நிம்மதியாக வாழும். செத்த நியான் ஒன்று பின்னால் மாட்டிக்கொண்டு அழுகுவதுதான் பிரச்சினை.

செடித் தொட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இங்கே இருக்கிறது. நாம் வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுகிறோம். ஓட்டை சின்னதாக இருந்தால், முன்னால் சைஃபன் குழாய் வழியே 20 சென்டிமீட்டர் வேகமாக இறங்கும்போது பின்னால் தண்ணீர் இறங்காமல் நிற்கும். அந்த மட்ட வித்தியாசம் முழுவதும் பலகையை முன்னால் தள்ளும். வாராவாரம் இப்படித் தள்ளித் தள்ளியே சிலிகான் விட்டுப்போகும். பெரிய ஓட்டையாக வையுங்கள், தண்ணீரை நிதானமாக இறக்குங்கள்.

இனி ஒட்டும் வேலை. மீனையும் இறாலையும் பழைய தொட்டித் தண்ணீர் நிரப்பிய பெரிய டப்புக்கு மாற்றி, மூடி போட்டு, கேனிஸ்டரை அந்த டப்போடு இணைத்து ஓட விடுங்கள். ஃபில்டரை அணைத்து ஓரமாக வைத்தால் உள்ளே இருக்கும், மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் மூச்சுத் திணறிச் சாக ஆரம்பிக்கும், அப்புறம் தொட்டியை முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும். செடிகளை ஈரத் தாளில் சுற்றி மூடிய டிரேயில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். மெல்லிய தண்டுகள் சில துவளும், நுனியைக் கிள்ளி நட்டால் வந்துவிடும். மண்ணை எடுத்து ஈரமாகவே வையுங்கள், திரும்பப் போடுமுன் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். ஓராண்டு அழுக்கை அப்படியே கிளறிப் போட்டால் அம்மோனியா ஏறும்.

காலியான தொட்டி கண்ணாடித் தடிமனைப் பொறுத்து 40 முதல் 50 கிலோ இருக்கும். மூன்று பேர் பிடித்து, பழைய போர்வையின்மேல் பின்கண்ணாடி கீழே வருமாறு மல்லாக்கப் படுக்க வைக்க முடிந்தால் வேலை பாதியாகிவிடும், பலகை தன் எடையிலேயே படியும். கண்ணாடியில் பாசியை பிளேடால் சுரண்டி, வெள்ளை உப்புக்கறையை வினிகரால் எடுத்து, தண்ணீரால் கழுவி, உலர்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை துடையுங்கள்.

பலகையை உள்ளளவுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். மூலைகளில் தொட்டியின் சொந்த சிலிகான் புடைத்திருக்கும், அதற்கு இடம் வேண்டும். நாலடித் தொட்டியில் மேலே நடுவில் கிராஸ் பார் (குறுக்குக் கண்ணாடிப் பட்டை) இருக்குமே, முழுப் பலகை அதைத் தாண்டி இறங்காது. இரண்டாக வெட்டத்தான் வேண்டும். நேர்க்கோட்டில் வெட்டாமல் பாறை வெடிப்பு ஒன்றின் வழியே வளைந்து வெட்டினால் இணைப்பு தெரியாது. சிலிகான் குழாயைத் திறக்குமுன் இரண்டு துண்டையும் வெறுமனே உள்ளே வைத்துப் பாருங்கள்.

சிலிகான் வாங்கும்போது பூஞ்சைத்தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் ரகத்தைத் தள்ளிவிட்டு, மீன் தொட்டி ஒட்டுகிறவர்கள் வாங்கும் வினிகர் வாசனை ரகத்தைக் கேளுங்கள். கறுப்பு நிறம் நல்லது, ஓரத்தில் தெரியாது. இந்த ரகம் கண்ணாடியில் அபாரமாகப் பிடிக்கும், சிமென்டில் சரியாகப் பிடிக்காது, அதில் வெளியாகும் அமிலத்துக்கும் சிமென்டின் காரத்துக்கும் ஒத்துவராது. அதனால் சிமென்ட் பூசுகிறவர்கள் பலகையின் பின்பக்கத்தையும் ஓரத்தில் விரலளவையும் பூசாமல் விட வேண்டும். கடைப் பலகையின் பின்பக்கத்தில் அச்சிலிருந்து வந்த மெழுகுப் படலம் இருக்கும், உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

பின்பக்கம் முழுக்க அப்பிவிடுவது பலரும் செய்வது. சிலிகான் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், அதுவும் வெளியோரத்திலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேகத்தில். பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அகலமாகப் பரவிய சிலிகானின் மையத்துக்கு ஈரம் போய்ச் சேரவே சேராது, மாதக்கணக்கில் பசையாகவே கிடக்கும். மேலிருந்து கீழாக விரல் தடிமனில் கோடு கோடாகப் போட்டு, கோடுகளுக்கு நடுவில் காற்றுப் போக வழி விடுங்கள். அழுத்தி, மேலே எடை வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து ஓரங்களை மூடுங்கள். மொத்தம் ஒரு வாரம். சென்னையின் புழுக்கம் இந்த ஒரு வேலைக்கு உதவும். ஏசி அறையில் வைத்துக் காய விடாதீர்கள், அங்கே காற்று வறண்டிருக்கும். மூக்கை உள்ளே விட்டால் வினிகர் வாசனை வரவே கூடாது, அப்போதுதான் தண்ணீர்.

மண் போடுமுன் பாதி நிரப்பி ஓர் இரவு, முழுக்க நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பலகையின் மேல் விளிம்பு எங்கே இருக்கிறது என்று வெளிக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் தெரியும்.

முன்னே சொன்ன குறுக்கு வழி இது. தொட்டியில் ஒட்டாமல், தனியாக ஒரு 4 மில்லிமீட்டர் கண்ணாடித் தகட்டில், கிராஸ் பாருக்கு ஏற்ப இரண்டு துண்டாக, மெல்லிய சுவரை வெளியிலேயே ஒட்டிக் காய வைத்து, ஊற வைத்து, தயாராக்கிக்கொள்ளுங்கள். பின்வரிசைச் செடிகளைப் பிடுங்கி, மண்ணை முன்னால் ஒதுக்கி, தண்ணீரைப் பாதி இறக்கி, தகட்டைப் பின்கண்ணாடியோடு இறக்கலாம். மிதப்பைச் சமாளிக்கத் தகட்டின் அடியில் கல் பட்டை ஒட்ட வேண்டும். தகட்டின் சொந்த எடை தண்ணீருக்குள் 3 கிலோ ஈடு செய்யும். கருங்கல் ஒரு லிட்டர் கன அளவுக்கு 1.7 கிலோ ஈடு செய்யும், ஆக 2 சென்டிமீட்டர் சுவருக்கு சுமார் 4 லிட்டர், எடையில் 11 கிலோ கருங்கல். கிரானைட் அறுக்கும் இடத்தில் துண்டுப் பட்டைகள் கிடக்கும், மண்ணுக்குள் புதைந்து மறைந்துவிடும். பக்கத்திலேயே கடப்பா கல்லும் கிடக்கும், அதை எடுத்துவராதீர்கள். அது சுண்ணாம்புக்கல், சிமென்டுக்குச் சொன்ன அதே வேலையைக் கார்பன் டை ஆக்ஸைடோடு சேர்ந்து செய்யும். இந்த முறையில் தகட்டின் பின்னால் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், ஓரத்தில் இறால் நுழையும். தெரிந்து செய்தால் தப்பில்லை.

சுவரில் செடி ஏற்றுவதற்கு, பூசுவதற்கு முன்பே சிறு பைகள் மாதிரி குழிகளைச் செதுக்கிவிடுங்கள். அனுபியாஸ் நானா பெட்டிட், ஜாவா ஃபெர்ன், போர்னியோவிலிருந்து வரும் புசெஃபலாண்ட்ரா, இவை மண் இல்லாமல் வாழ்பவை. கிழங்குத்தண்டு வெளியே தெரிய, வேர் மட்டும் குழிக்குள் போக வேண்டும். ஜெல் வகை ஃபெவிக்விக் ஒரு சொட்டு போதும், ஈரத்தில் உடனே இறுகும், அந்த இடம் சில வாரம் வெள்ளையாகத் தெரியும். பூச்சில்லாத தெர்மாகோலில் அதை விடாதீர்கள், கரைத்துவிடும். விளக்கை நடுவிலிருந்து சற்று முன்னால் நகர்த்தினால் சுவர் முகத்தில் வெளிச்சம் விழும். ஆனால் இவை எல்லாம் நிழலில் வளர்பவை, மெதுவாக வளர்பவை. வெளிச்சம் கூடினால் அந்த இலைகளில் கரும்பாசி குச்சம் குச்சமாக முளைக்கும். குழாயிலிருந்து தண்ணீர் வேகமாக வந்து மோதும் சொரசொரப்பான இடத்தில்தான் அது முதலில் வரும், எனவே ஃபில்டரின் வாயைச் சுவருக்கு நேராகத் திருப்பாதீர்கள்.

உங்கள் தொட்டிக்கு என்ன செய்வேன் என்று கேட்டால், பாறைப் பலகையை வாங்க மாட்டேன். முதலில் பின்கண்ணாடிக்கு வெளியே மேட் கறுப்பு வினைல் ஒட்டிப் பார்ப்பேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய ஏடிஎம் கார்டால் நுரையை வெளியே தள்ளினால் வேலை முடிந்தது. சுவரோடு ஒட்டி நிற்கும் தொட்டி, கை நுழையவில்லை என்றால் கறுப்பு சார்ட் பேப்பரைச் செருகினாலும் போதும். நியானின் நீலக்கோடு அன்று மாலையே வேறு மாதிரித் தெரியும்.

சொரசொரப்பான, உயிருள்ள சுவர்தான் வேண்டும் என்றால் பாசிச் சுவர் போடுங்கள். அதற்குத் தண்ணீரை இறக்கவே வேண்டாம், தடிமனும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். பிளாஸ்டிக் வலையை இரண்டு அடுக்காக வெட்டி, நடுவில் ஜாவா மாஸோ கிறிஸ்துமஸ் மாஸோ மெல்லிசாகப் பரப்பி, நைலான் நரம்பால் ஓரத்தைத் தைத்து, ரப்பர் உறிஞ்சிகளால் பின்கண்ணாடியில் ஒட்டினால் போதும். கனமாகப் பரப்பினால் அடிப்பாசி வெளிச்சம் இல்லாமல் பழுப்பாகி அழுகும். இரண்டு மூன்று மாதத்தில் வலை தெரியாமல் மூடிவிடும். உறிஞ்சிகள் ஓராண்டில் கெட்டியாகிப் பிடிப்பை விடும், அப்போது மாற்ற வேண்டியிருக்கும். இறால்கள் அதில் மேய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெட்டிவிடும் நாளில் மட்டும் ஃபில்டரை அணைத்துவிட்டு வெட்டுங்கள், மிதக்கும் துணுக்குகளைச் சின்ன வலையால் அள்ளி எடுத்தபின் ஓட விடுங்கள், இல்லாவிட்டால் தரைப்புல் முழுக்கப் பாசி முளைக்கும்.